தாய்க்கும் ஒரு தாய் வேண்டும்

(நவராத்திரி விழாவில் திருக்கோயில் மண்டபத்தில் தாய்மார்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)



நவராத்திரி அன்னையைப் போற்றும் விழா. ஒன்பது இரவும் அம்பிகையை அலங்கரித்து, பாடிப் பரவி, சுண்டல் படைத்து மகிழ்கிறோம். அச்சுண்டலை முதல்நாளே ஊறவைத்து, வேகவைத்து, தாளித்து, வந்தவர்க்கெல்லாம் மனங்கோணாமல் வழங்கிவிட்டு, பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதை வாயில் இட்டுக்கொண்டு இங்கு ஓடிவந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் புன்னகையே விடை கூறிவிட்டது. கருவறையில் இருக்கும் அன்னையைப் பற்றிப் பல முறை பேசியிருக்கிறேன். இன்று உங்கள் இல்லங்களில் இருக்கும் அன்னையைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் பிள்ளையாரும், அடிவாரத்தில் மாணிக்க விநாயகரும் வீற்றிருக்க, இடையே தாயுமானவர் எழுந்தருளியிருக்கிறார். அப்பெருமானுக்கு அத்திருநாமம் வாய்த்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். இரத்தினாவதி என்னும் பெண் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்தாள். உடனிருந்து உதவப் புறப்பட்டு வந்தாள் அவளைப் பெற்றவள். காவிரியில் பெருவெள்ளம். தாய் அக்கரையில் தவிக்க, மகள் இக்கரையில் வலியுற்றுத் துடிக்கிறாள். இறைவன் நினைத்திருந்தால் வெள்ளத்தை ஒரு நொடியில் வற்றச் செய்திருக்கலாம். அவர் அதனைச் செய்யவில்லை. அத்தாயின் வடிவத்தைத் தாங்கி இல்லத்தினுள் புகுந்தார், பேறு பார்த்தார், வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேரும்வரை, ஒரு தாய் மகளுக்குச் செய்யும் பணிவிடைகளை எல்லாம் தம் கையாலேயே செய்தார் என்று தலபுராணம் கூறுகிறது.

இவ்வரலாற்றின் உட்பொருள் யாது? பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்பதை உலகம் அறியும். தாயாகப் போகிறவளுக்கும் ஒரு தாய் வேண்டும் என்பதை இறைவன் அறிந்திருந்தார். எல்லாரையும் பேணுகின்றவளைப் பேணுவதற்கும் ஒருவர் வேண்டும். இதுவே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

இதனை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்றேன் அல்லேன். என் வீட்டிலும் கற்றேன். சற்றுக் காலங்கடந்து கற்றேன். அதனை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் தமிழாசிரியனாக இருந்த காலத்தில் என் ஊதியம் குடும்பத்துக்குப் போதாதிருந்தது. என் துணைவியார் வீட்டிலேயே தையற்பொறி ஒன்றை வைத்து, அக்கம்பக்கத்தார்க்கு இரவிக்கை தைத்துக் கொடுத்து வந்தார். 1998ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். தீபாவளி நெருங்கிவிட்டபடியால் துணிகள் மலைபோல் குவிந்திருந்தன. பகலெல்லாம் வீட்டு வேலை, பிள்ளைகள் உறங்கிய பின்பு தையல். பசி எடுத்தால் ஒரு குவளைத் தேநீர். நானோ திண்ணையில் அமர்ந்து ஏடு புரட்டிக்கொண்டிருந்தேன். பொறியின் ஓசை நள்ளிரவு வரை கேட்கும். அது எனக்குத் தாலாட்டாக இருந்ததேயன்றி, ஓர் உயிர் தேய்கின்ற ஓசை என்று தோன்றவில்லை.

ஒருநாள் காலை அவர் அடுப்படியில் மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், "ஹீமோகுளோபின் ஏழுதான் இருக்கிறது ஐயா. இவர் நேற்று என்ன உண்டார்?" என்று என்னைக் கேட்டார். வாழ்நாளெல்லாம் மாணவர்களை வினாக் கேட்டே பழகியவன், அந்த ஒரு வினாவுக்கு விடை தெரியாமல் நின்றேன். நேற்று மட்டுமா? அவர் என்ன உண்கிறார், எப்பொழுது உண்கிறார் என்பதை மணமான நாள்முதல் நான் பார்த்ததே இல்லை. இறையருளால் அவர் நலம்பெற்றார். அன்று தொடங்கி எங்கள் வீட்டில் இரண்டு இலைகளும் ஒன்றாகவே போடப்படுகின்றன.

என் வீட்டுக் கதை ஒரு வீட்டின் கதை அன்று. 2019–21இல் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள் என்று காட்டியது. அன்னமிடும் கைகளிலேயே குருதி குறைந்திருக்கிறது!

மதுரையில் பிட்டு விற்ற வந்தியை நினைத்துப் பாருங்கள். துணையற்ற முதியவள், தன் கைத்தொழிலால் வாழ்ந்தவள். வைகைக் கரையில் அவள் பங்கையும் அடைக்கவேண்டும் என்று அரசாணை வந்தது. "எப்படியாவது நானே செய்துவிடுகிறேன்" என்று அவள் மண்வெட்டியைத் தூக்கவில்லை. கூலியாள் ஒருவன் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டாள். கேட்டதனால்தானே சோமசுந்தரப் பெருமானே கூடை சுமந்து வந்தார்? உதவி கேட்பது இழுக்கு அன்று என்பதற்கு வந்தியே சான்று. மற்றொன்றும் காணுங்கள். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று உண்டவர் இறைவன். நம் இல்லங்களிலோ உதிர்ந்ததும் உடைந்ததும் ஆறியதும் தாயின் பங்காகவே போய்ச் சேர்கின்றன.

"குடும்பத்துக்காக என் உடம்பைப் பாராமல் உழைக்கிறேன், இது தியாகமன்றோ?" என்று சில தாய்மார்கள் கேட்கக்கூடும். தாயே, திருமூலர் உடம்பைப் பழித்தவர் அல்லர். அதனுள்ளே இறைவன் கோயில்கொண்டிருப்பதைக் கண்டு அதனைப் பேணச் சொன்னவர். வள்ளுவப் பெருந்தகையும் மருந்து என்று ஓர் அதிகாரமே வகுத்து, பசித்து, அளவறிந்து உண்ணும் நெறியைக் கூறியிருக்கிறார். கோபுரம் விரிசல் கண்டால் திருப்பணி செய்கிறோம். அதனைத் தன்னலம் என்று எவரும் கூறுவதில்லை. உடம்பாகிய கோயிலுக்குச் செய்யும் திருப்பணியும் அத்தகையதே.

அத்திருப்பணி எவ்வாறு செய்வது? சில எளிய நெறிகளைக் கூறுகிறேன்.

முதலாவது உணவு. அனைவரும் உண்டபின் உண்பது என்னும் வழக்கத்தை விட்டு, அனைவரோடும் உண்ணுங்கள். காலை உணவைத் தவிர்க்காதீர்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள் நம் மண்ணில் மலிவாகக் கிடைப்பன. அவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்றுக்கொள்ளும். உணவோடு தேநீரோ காப்பியோ பருகினால் அச்சத்து உடலில் சேர்வது குறைந்துவிடும். ஆதலின் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது செல்லட்டும். பசியைத் தேநீரால் அடக்குவது என் துணைவியார் செய்த பிழை, நீங்கள் செய்யவேண்டா. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் பாதியில் நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது நீர். வேலை மிகுதியால் நீர் அருந்தாமலும், சிறுநீரை அடக்கியும் இருப்பது பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வருவதற்கு வழி செய்யும். பூசையறையில் செம்பு வைப்பது போல, வேலை செய்யும் இடத்திலும் ஒரு செம்பு நீர் இருக்கட்டும்.

மூன்றாவது சோதனை. 30 வயதைக் கடந்த பெண்கள் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றோடு, மார்பகத்திலும் கருப்பை வாயிலும் புற்றுநோய் உண்டா என்பதையும் சோதித்துக்கொள்வது நன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதற்கு வழி இருக்கிறது. வெட்கத்தாலும் நேரமின்மையாலும் தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்தில் கண்டால் தீர்க்கக்கூடியது, முற்றியபின் கண்டால் தீர்த்தற்கு அரிதாகும்.

நான்காவது மனம். பிள்ளை பெற்ற சில நாள்களில் தாய்க்குக் காரணமின்றி அழுகை வருவதுண்டு. அது தானே மாறிவிடும். இரண்டு வாரம் கடந்தும் அத்துயரம் நீங்காவிட்டால், உறக்கமும் உணவும் பிள்ளையின் முகமும் கசந்தால், "இவளுக்கு என்ன குறை?" என்று கேட்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தினாவதியின் இல்லத்துக்குத் தாமே வந்த பெருமான், அந்நாள்களில் ஒருத்தி தனித்திருக்கலாகாது என்றுதான் நமக்குக் காட்டினார்.

இனி, வீட்டிலிருந்தே பொருளீட்டும் தாய்மார்களுக்குச் சில சொற்கள். பூத்தொடுப்பவர், அப்பளம் இடுபவர், தைப்பவர் என்று முன்னரும் பலர் இருந்தனர். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் கணிப்பொறி வேலைகளும் பல வீடுகளுக்குள் வந்தன. என் மகள் அவ்வாறு வேலை செய்வதைக் கண்ணாரக் கண்டேன். மடியில் குழந்தை, காதில் கருவி, அடுப்பில் பால். அந்த நேரத்தில், "வீட்டில்தானே இருக்கிறாய், இதையும் பார்த்துவிடு அம்மா" என்று ஒரு வேலையைச் சொன்னவன் நானேதான். வாங்கிய பாடத்தை மறந்திருக்கிறேன் பாருங்கள்! 'வீட்டில்தானே' என்னும் அந்த ஒரு சொல், ஒருத்தியின் உழைப்பையெல்லாம் ஓய்வு என்று கணக்கெழுதிவிடுகிறது. 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 26 வார விடுப்புக்குப் பின்னும், வேலையின் தன்மை இடந்தந்தால், வேலை தருபவரோடு உடன்பட்டு வீட்டிலிருந்து பணி செய்யலாம் என்று வழி வகுத்தார்கள். அது பணி செய்வதற்குத் தந்த வழியேயன்றி, இரண்டு பணிகளையும் ஒருத்தியே சுமப்பதற்குத் தந்த வழி அன்று.

ஆதலின் வீட்டில் ஒரு மூலையையாவது உங்கள் தொழிலுக்கென்று ஒதுக்குங்கள். இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை அம்மா வேலையில் இருக்கிறாள் என்று எழுதி ஒட்டுங்கள். எழுத்தறிந்த பிள்ளைகள் படித்துப் பழகட்டும். கணிப்பொறியின் திரை கண்மட்டத்தில் இருக்கட்டும். பாதங்கள் தரையில் படியட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை, 20 நொடி நோக்குங்கள்; கண் களைப்பு நீங்கும். தைப்பவர்கள் நல்ல வெளிச்சத்தில் தையுங்கள். பூத்தொடுப்பவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து அமருங்கள். யாராயினும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடங்கள். மாலையில் விளக்கேற்றியபின் ஐந்து நிமிடமாவது அச்சுடரின் முன் ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருங்கள். உறக்கத்தைத் திருடி வேலையை முடிக்காதீர்கள். அந்தக் கடனை உடம்பு வட்டியோடு வாங்கிவிடும்.

இங்கே தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் ஆடவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 2019இல் நம் நாட்டில் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்வோருள் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டதாகத் தெரியவந்தது. ஏறத்தாழ மூன்று மடங்கு! பேறு பார்க்கவும் மண் சுமக்கவும் இறைவன் நாணவில்லை. நாம் ஒரு பாத்திரம் துலக்க நாணலாமா? மாமியார்களாக இருக்கும் பெரியவர்களே, நீங்கள் பட்ட துன்பத்தை மருமகளும் படவேண்டும் என்று எண்ணாமல், உங்களுக்குக் கிடைக்காத தாயாக நீங்கள் அவளுக்கு ஆகிவிடுங்கள். தாயுமானவர் என்னும் திருநாமத்தின் பொருள் அப்போது உங்கள் இல்லத்திலேயே விளங்கும்.

ஆயுத பூசை வருகிறது. தையற்பொறிக்கும் அரிவாளுக்கும் கணிப்பொறிக்கும் சந்தனம் குங்குமம் இட்டு அன்று ஓய்வளிப்போம். எல்லாக் கருவிகளும் ஓய்ந்திருக்கும் அந்நாளில் மிகுதியாக உழைக்கும் கருவி ஒன்று உண்டு. அது தாயின் கை. பொரி கடலை பிரிப்பதும், வடை சுடுவதும், வீடு மெழுகுவதும் அக்கைதான். இவ்வாண்டு அந்தக் கைக்கும் சிறிது ஓய்வு கொடுங்கள். பூசை முடிந்ததும் முதல் இலையை அவளுக்குப் போடுங்கள். அவளை அமரவைத்து, நீங்கள் பரிமாறி, "அம்மா, நீ சாப்பிடு" என்று சொல்லுங்கள். மருத்துவர் கேட்ட வினாவுக்கு என்னைப்போல் விடை தெரியாமல் நிற்கும் நிலை உங்களில் எவர்க்கும் வரவேண்டா.

அம்பிகை மட்டுவார்குழலியோடு எழுந்தருளிய தாயுமானப் பெருமான், உங்கள் இல்லத்துத் தாய்மார் அனைவர்க்கும் உடல்நலமும் மனநலமும் நீண்ட ஆயுளும் அருள்வாராக என்று வேண்டி அமைகிறேன்.