அண்டையார் கையும் அரசின் கையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் ரயில்வேயில் குமாஸ்தா. மெட்ரிக்குலேஷனுக்கு மேல் படித்தவனல்லன். புலவர்கள் பேசும் மேடையில் எனக்கும் ஓரிடம் தந்தமைக்கு நன்றி.

மாதேஸ்வரன் மலைக்கு வந்து வணங்காத குடும்பம் நம்மில் இல்லை. 1997 வரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இம்மலைக்குக் கொள்ளேகாலத்தாரும் வருகின்றனர், மேட்டூராரும் வருகின்றனர். மலையடியில் ஓடும் பாலாற்றுக்கு இக்கரை ஒரு மாநிலம், அக்கரை வேறொரு மாநிலம். வெள்ளமும் வறட்சியும் அந்த எல்லையை மதிப்பதில்லை. துயர் துடைக்கும் வேளையில் மட்டும், "இது யார் பொறுப்பு?" என்று நாம் எல்லை பிரிக்கிறோம்.

2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தபோது நம் சங்கத்தார் நிதி திரட்டினார்கள். "வரி செலுத்துகிறோமே, அரசு பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்டவர்களுள் நானும் ஒருவன். அவ்வாறு கேட்டதற்கு இன்று நாணுகிறேன்.

அந்நாளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. பாதையின் அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பயணிகள் சுமார் 800 பேர். ஹெலிகாப்டர் வருமுன், மீட்புப் படை வருமுன், அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் பக்கத்துச் சிற்றூர் மக்கள். அவர்கள் ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்தது. "இது ரயில்வேயின் பொறுப்பு" என்று அவர்கள் சொல்லவில்லை.

ஆயின், எல்லாவற்றையும் ஊராரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? சோறு போட ஊராரால் முடியும். அரிக்கப்பட்ட இருப்புப் பாதையை மீண்டும் அமைக்க முடியுமா? அதற்கு நாட்டின் கை வேண்டும்.

நாட்டின் கை எவ்வளவு வலியது என்பதைப் பாம்பனில் காணலாம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், தனுஷ்கோடியை நெருங்கிய ரயிலொன்று நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலுள் மறைந்தது. பாம்பன் பாலமும் சிதைந்தது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அப்பாலத்தைச் சீர்ப்படுத்தினார்கள். கடலில் வீழ்ந்த இரும்பு உத்தரங்களைத் தேட அப்பகுதி மீனவர்கள் துணைநின்றனர். 2025-இல் அங்கே புதிய பாலமும் திறக்கப்பட்டது.

ஆனால் தனுஷ்கோடி? வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கடலின் அபாயத்தை எண்ணிச் செய்த முடிவு அது; குறை கூறேன். எனினும் இன்றும் அங்கே மீனவர்கள் குடிசைகளில் வாழ்கின்றனர். நாட்டுக்கு வேண்டிய பாலம் எழுந்தது. மக்களுக்கு வேண்டிய ஊர் எழவில்லை. உத்தரத்தைத் தேட மீனவரின் துணை வேண்டும். ஊரைத் தீர்மானிக்க அவர் சொல் வேண்டாமா?

நாட்டின் உதவி காலத்தே வருதலும் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நாட்டுக்கும் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனிப் பொறுப்பு வகுத்தது. மாநிலப் பேரிடர் நிதியில், பெரும்பாலான மாநிலங்களுக்கு நூற்றுக்கு 75 பங்கு மத்திய அரசினது. இருந்தும், 2023-இல் 223 வட்டங்கள் வறண்ட கர்நாடகம், 18,171 கோடி ரூபாய் கேட்டு, 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. ஏப்ரலில் சுமார் 3,454 கோடி கிடைத்தது. கேட்டது மிகையா, கொடுத்தது குறைவா என்பதைக் கணக்கறிந்தோர் சொல்லட்டும். கருகிய பயிர் வழக்கு முடியும்வரை காத்திராது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆகவே என் கருத்து இது: முதற் கவளம் அண்டையார் கடமை, மறுவாழ்வு நாட்டின் கடமை. முன்னது அன்பினால் வருவது. பின்னது உரிமையால் வரவேண்டுவது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக் கழித்தல் ஆகாது.

இறுதியாக ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒரு நாள் ஊதியத்தை ஒவ்வோர் உறுப்பினரும் அளித்து நம் சங்கத்தில் நிவாரண நிதியொன்று தொடங்குவோம். பாலாற்றுக்கு எக்கரையில் துயர் நேரினும் அது செல்லட்டும். நாம் பிறந்தது அக்கரை; உண்பது இக்கரைச் சோறு. அன்று வாயால் தடுத்த நான், என் ஒருநாள் ஊதியத்தை இம்மேடையிலேயே முதற் காணிக்கையாக வைக்கிறேன்.