அரை மணி நேரம் வெளியே

(திருச்சானூரில் நடந்த நம் சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஓய்வுக்குப் பின் பயனுள்ள பொழுதுபோக்கு" என்று செயலாளர் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார். பொழுதுபோக்கு என்ற சொல் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. வாரத்தில் நான்கு நாள், திருப்பதிக்கு வெளியே உள்ள ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போய், அங்கே கூண்டுகளில் இருக்கும் நாய்களை ஒவ்வொன்றாக வெளியே நடக்க அழைத்துப் போகிறேன். சம்பளம் கிடையாது. ஸ்கூட்டருக்குப் பெட்ரோலும் நம்முடையதுதான். நாய்க்குச் சோறு போடுவதைப் புண்ணியம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். நாயோடு நடப்பது என்றால் சிரிக்கிறார்கள். அதனால் அந்த நடையைப் பற்றியே பேசுகிறேன்.

காப்பகத்தில் நாய்க்குச் சாப்பாடு உண்டு, வைத்தியம் உண்டு, தடுப்பூசி உண்டு. இல்லாதது ஆள். நாலைந்து பணியாளர்கள் நூற்றுக்கணக்கான பிராணிகளுக்குக் கூண்டு கழுவி, கஞ்சி காய்ச்சி, புண்ணுக்கு மருந்து வைத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நாய் பத்தடிக்கு ஆறடி இடத்தில் இருபத்துநாலு மணி நேரமும் கிடக்கிறது. சில நாய்கள் தாம் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய மனமில்லாமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டே இருக்கும். நமக்கு ஆசாரம் தெரியும் என்று பெருமைப்படுகிறோம். அதுகளுக்கும் ஓரளவு தெரிகிறது.

இப்படி அடைந்து கிடக்கும் நாய், யாராவது வந்தால் கம்பி வலையில் ஏறி விழுந்து குரைக்கும். தத்து எடுக்க வந்த குடும்பம் அதைப் பார்த்து, "ஐயோ, இது பொல்லாத நாய்" என்று அடுத்த கூண்டுக்குப் போய்விடும். தினமும் அரை மணி நேரம் வெளியே போய்வந்த நாயோ எழுந்து வந்து முகர்ந்து பார்த்துவிட்டு உட்காரும். அதற்கு வீடு கிடைத்துவிடும். விஷயம் இவ்வளவுதான்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. அமெரிக்காவில் 51 காப்பகங்களில் ஏறக்குறைய 2000 நாய்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து, 2023ல் வெளியிட்டார்கள். சில மணி நேரம் வெளியே அழைத்துச் செல்லப்பட்ட நாய்களுக்கு வீடு கிடைக்கும் வாய்ப்பு, மற்றவற்றைவிட 5 மடங்கு இருந்ததாம். ஓரிரு இரவு யார் வீட்டிலாவது தங்கிவந்த நாய்களுக்கு 14 மடங்கு. சாதுவான நாய்களைப் பார்த்துத்தான் வெளியே அனுப்பியிருப்பார்களோ என்ற சந்தேகம் சயின்ஸ் படித்தவனுக்கு வரும், எனக்கும் வந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தாலும் 5 மடங்கு என்பது சின்ன விஷயமில்லை.

இந்தக் காரியத்தில் நம் பக்கத்தில் மூத்தவர்கள் சென்னை ப்ளூ கிராஸ்காரர்கள். 1959ல் சென்னையில் பெருமழை பெய்தபோது, தி.நகர் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்கு எடுத்துவந்தார். அவரும் அவர் மனைவி உஷாவும் அப்படித் தொடங்கியதுதான் அந்த அமைப்பு. உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவர் என்பதை இங்குள்ள பெண் குழந்தைகளுக்காகச் சொல்லி வைக்கிறேன். அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா, தெருநாய்களைக் கொல்வதால் எண்ணிக்கை குறைவதில்லை, கருத்தடை செய்து தடுப்பூசி போடுவதுதான் வழி என்று பல வருஷம் மன்றாடினார். 1996ல் சென்னை மாநகராட்சி கொல்வதை நிறுத்தி அந்த வழிக்கு வந்தது. 2001ல் மத்திய அரசு அதையே விதியாக்கியது. 2023ல் புதிய விதிகள் வந்தன. இன்னும் பின்னால் போனால் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவுக்காக அவரை நினைக்கிறோம். 1960ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்கு மூல காரணமாக இருந்தவரும், 1962ல் அமைந்த பிராணிநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

சமீபத்திய செய்தியையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று சுப்ரீம் கோர்ட், கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்றது. அதே வருஷம் நவம்பர் 7ல், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது, காப்பகத்தில்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. குழந்தையைக் கடித்த செய்தி படித்தவர்களுக்கு ஒரு நியாயம், நாயை நேசிப்பவர்களுக்கு ஒரு நியாயம். அந்த வாதத்துக்கு நான் வரவில்லை. காப்பகத்துக்குள் போகும் நாய்கள் கூடும், அதுகளை வெளியே அழைத்துப் போகும் கைகள் கூடவில்லை. எனக்குக் கவலை அதில்தான்.

நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் நடக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? காலை ஐந்து மணிக்கு விழித்துக்கொண்டு, பேப்பர் வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? காலேஜ் பசங்கள் உற்சாகமாக வருவார்கள், பரீட்சை வந்தால் காணாமல் போவார்கள். நாய்க்கு வேண்டியது ஒரே ஆள், ஒரே நேரம், தவறாமல். முப்பத்தைந்து வருஷம் மஸ்டர் ரோலில் கையெழுத்துப் போட்டவனுக்கு அதுதான் கைவந்த கலை.

இனி மடி விஷயம். சந்தியாவந்தனம் பண்ணுகிற கையால் நாய்ச் சங்கிலியா என்று என் அத்தையே கேட்டாள். நாயைத் தொட்டால் ஸ்நானம் என்று பெரியவர்கள் சொன்னார்கள், வாஸ்தவம். ஸ்நானம் செய் என்றுதானே சொன்னார்கள்? நான் காலை சந்தி முடித்துவிட்டுப் போகிறேன். வந்ததும் கொல்லைப்புறத்தில் துணியை வாளியில் நனைத்துவிட்டு, குளித்து, பிறகே பூஜை அறை. வைச்வதேவத்தில் காக்கைக்கும் எறும்புக்கும் வைப்பது போல நாய்க்கும் ஒரு பங்கு உண்டு. மகாபாரதத்தில் ஆதிபர்வத்தின் தொடக்கத்திலேயே, ஜனமேஜயன் யாகசாலையில் ஒரு தப்பும் செய்யாத நாய்க்குட்டியை அடிக்கிறார்கள், தாய் சரமை வந்து நியாயம் கேட்கிறாள். முடிவில் தர்மபுத்திரர், கூட வந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்கிறார். இத்தனை பெரிய கதைக்கு வியாசர் இரண்டு பக்கமும் நாயை நிறுத்தியிருக்கிறார்.

பயம் இன்னொரு தடை. வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதை நம் தலைமுறை மறக்காது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இன்று இல்லை. இப்போது போடுவது கையில்தான். நாயோடு பழகுகிறவர்கள் முன்கூட்டியே மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம்: முதல் நாள், அதிலிருந்து 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். நானும் போட்டுக்கொண்டேன். அப்படியும் கடி பட்டால் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். இன்னும் இரண்டு ஊசி உண்டு. நோய் வெளிப்பட்டுவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை என்பதால் இதில் சோம்பல் கூடாது.

உண்மையில் நம் வயசுக்காரர்கள் பயப்பட வேண்டியது பல்லைக் கண்டு அல்ல, சங்கிலியைக் கண்டு. அமெரிக்காவில் 65 வயசுக்கு மேற்பட்டவர்கள் நாயோடு நடக்கும்போது விழுந்து எலும்பு முறித்துக்கொண்டது 2004ல் சுமார் 1670 பேர். 2017ல் சுமார் 4400 பேர். இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் அதில் நிறைய. ஆகவே வாரைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நாய் திடீரென்று இழுத்தால் விட்டுவிட முடிய வேண்டும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். வயசான, நிதானமான நாயாகக் கேட்டு வாங்குங்கள். இழுக்கிற நாய்க்குக் கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிப் போடும் பட்டை நல்லது. அதையும் இளைஞர்களுக்கு விட்டுவிடுங்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். பஞ்சமி தீர்த்த சமயத்திலும் தீபாவளியை ஒட்டியும் ரோட்டுக்கே வரக்கூடாது. வெடிச் சத்தத்தில் அறுத்துக்கொண்டு ஓடிய நாய் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

நடை என்றால் வேகமும் அல்ல. பத்தடிக்கு ஒரு முறை நின்று முகரும். இழுக்காதீர்கள். நாம் பேப்பர் படிப்பதுபோல அது நிலத்தைப் படிக்கிறது. பாஷையும் தெரிந்திருக்க வேண்டும். இங்குள்ள நாய்களுக்குத் தெலுங்குதான். "வா" என்றால் முழிக்கும், "ரா" என்றால் வந்துவிடும்.

சிட்டி என்று ஒரு செவலை நாய். வண்டியில் அடிபட்டுக் கொண்டுவரப்பட்டது. கால் தேறியும் கூண்டின் வாசலைத் தாண்டாது. பதினோரு நாள் நான் கூண்டுக்குள் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்துவிட்டு வந்தேன். பன்னிரண்டாம் நாள் வாசல்படியில் முன்னங்காலை வைத்தது. மூன்று மாசத்தில் ரேணிகுண்டா பக்கம் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுக்குப் போனது.

அதே வரிசையில் ஒரு கறுப்பு நாய், எட்டு வயசாவது இருக்கும். நான் போவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது. தேய்பிறை அஷ்டமிக்கு பைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம். கறுப்பு நாயை ஒருவரும் கேட்பதில்லை, அதிலும் கிழடு. அதற்கு வீடு கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. ஆராய்ச்சிக் கணக்கிலும் அது சேராது. ஆனாலும் முதல் நடை அதற்குத்தான். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றுவிடுகிறது, என்ன செய்ய?

காப்பகக் கதவு காலை ஆறு மணிக்குத் திறக்கும். வருகிறவர்கள் பழைய வேஷ்டி, துண்டு, பெட்ஷீட் கொண்டுவரலாம். குளிர்காலத்துக்கு எவ்வளவு இருந்தாலும் போதாது. தின்ன எதுவும் வேண்டாம். முக்கியமாக வெங்காய சாம்பார் சாதமும் திராட்சை போட்ட பாயசமும் வேண்டவே வேண்டாம், இரண்டும் நாய்க்கு விஷம். மற்ற விவரங்களைக் காபி இடைவேளையில் கேளுங்கள், சொல்கிறேன்.