வந்த பறவையா, தப்பிய பறவையா?



முன்பு காணாத பறவை ஒன்று ஓர் ஊர் நீர்நிலையில் வந்திறங்கினால், அதனைப் படம் பிடிப்போர்க்கு மகிழ்ச்சியோடு ஓர் ஐயமும் பிறக்கின்றது. அது தானே பறந்து வந்ததா, எவரோ வளர்த்த கூட்டிலிருந்து தப்பியதா? சிறகு நறுக்கப்பட்டுள்ளதா, வாலிறகு கம்பியில் உராய்ந்து தேய்ந்துள்ளதா, காலில் வளையம் உண்டா எனப் படத்தில் தேடுகின்றனர். எனினும் வளையம் கண்டவுடன் வளர்ப்புப் பறவை என்று தீர்ப்பளித்துவிட இயலாது. அமெரிக்காவின் இரண்டு பூநாரைகள் இதற்குச் சான்று.

2005 ஜூன் திங்களில், கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகர விலங்குக் காட்சிசாலையிலிருந்து இரண்டு பூநாரைகள் பறந்து போயின. சிறகு நறுக்கும் பருவம் நெருங்கியிருந்தது; அதற்குள் காற்று வலுத்து வீசிவிட்டது. ஒன்று வடக்கே சென்று மறைந்தது. 492 என்னும் எண் வளையம் பூண்ட மற்றொன்று தெற்கே டெக்சாஸ் கடற்கரையை அடைந்தது. தான்சானியாவிலிருந்து கொண்டுவரப்பெற்ற பறவை அது. நம் கோடியக்கரைக்கு வருகின்ற வெளிர்நிறப் பூநாரையின் இனம். 2006 முதல் அதன் அருகில் செந்நிறம் மிகுந்த துணை ஒன்று காணப்பட்டது. அதன் காலிலும் வளையம்! ஆனால் அது மெக்சிகோவின் யுகட்டான் கரையில், குஞ்சாக இருந்தபோது ஆய்வாளர் பூட்டியது. ஒரே படத்தில் அருகருகே நின்ற இரண்டில், ஒன்று சிறை தப்பியது. மற்றொன்று கடல் கடந்து வந்தது. பிரித்துக் காட்டியவை நிறமும் வளையத்து எழுத்துகளுமே.

படம் எடுப்போர் பலர் விரிந்த சிறகையும் வளைந்த அலகையும் நாடுவர். சேறு படிந்த காலை விட்டுவிடுவர். அழகில்லாத அந்தக் காலின் படமே வழக்கைத் தீர்க்கின்றது.

புளோரிடா மாநிலத்தில் இவ்வையம் ஓர் இனத்தின் உரிமையையே மறைத்துவிட்டது. அங்குள்ள ஹயலியா குதிரைப் பந்தயத் திடலில் 1930களிலிருந்து பூநாரைகள் வளர்க்கப்பட்டன. ஆகவே அம்மாநிலத்தில் எங்கே ஒன்றைக் கண்டாலும் ‘தப்பியது’ என்று ஒதுக்கினர். அருங்காட்சியக முட்டைகளையும் பழைய பயணக் குறிப்புகளையும் ஆராய்ந்த அறிஞர்கள், 19ஆம் நூற்றாண்டில் அவை அங்கே பெருங்கூட்டமாய் வாழ்ந்தன என்றும், இறகுக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்டே அருகின என்றும் 2018இல் எடுத்துக்காட்டினர். வேட்டையில் அழிந்த குடியின் மிச்சத்தை அயலார் என்றழைத்த கொடுமையை என்னென்பது!

2023 ஆகஸ்டில் இடாலியா புயல் பூநாரைகளைப் பல மாநிலங்களில் சிதறடித்தது. கடற்கரை முதல் உள்நாட்டு ஏரிகள் வரை மக்கள் படம் பிடித்தனர். சிலவற்றின் காலில் யுகட்டான் வளையம் தெளிவாகத் தெரிந்தது. இம்முறை பந்தயத் திடலின் பேச்சு எழவில்லை. 2024 பிப்ரவரிக் கணக்கெடுப்பில் புளோரிடாவில் 101 பூநாரைகள் எண்ணப்பட்டன.