பாட்டனார் விட்டுச் சென்ற சொத்து
(கும்பாபிஷேக விழாச் சொற்பொழிவு)



திருக்கோயிலைப் புதுப்பிக்கத் தொடங்குமுன் மூலமூர்த்தியின் அருட்கலையைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயத்தில் வைத்துப் போற்றுவது ஆகம முறை. திருப்பணி நிறைவுற்றபின் அவ்வருள் மீண்டும் மூர்த்தியிடம் சேர்ப்பிக்கப்படுகின்றது. சுவர் பழுதுபடலாம், சுதை உதிரலாம், உள்ளிருந்த அருள் மட்டும் சிந்தாமல் வந்து சேருகின்றது. குடும்பம் என்னும் கோயிலுக்கும் இம்முறை பொருந்தும். மூத்தவர் மறையுங்கால் அவர் வாழ்ந்த வாழ்வின் சாரத்தைச் சிந்தாமல் ஏந்திக்கொள்வது எஞ்சியிருப்போர் கடன். இல்வாழ்வான் போற்ற வேண்டிய ஐவரைக் கூறவந்த திருவள்ளுவனார் தென்புலத்தாரை முதற்கண் வைத்தார். அது சிந்திக்கத் தக்கது.

பேரன் என்னும் சொல்லே பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருளுடையது. பாட்டனாரின் இறுதி யாத்திரையில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் ஏந்தி நிற்பர். பந்தம் பிடிக்கப் பேரர் உள்ள முதியவரைப் பாக்கியசாலி என்று ஊர் வாழ்த்தும். பின்னர் ஆடி அமாவாசையன்று குமரித்துறையில் நீராடி எள்ளும் நீரும் இறைக்கும்போது தந்தை, பாட்டனார், பாட்டனாரின் தந்தை என மூன்று தலைமுறையும் நினைக்கப்படுகின்றது. பிரிவுத் துயரைத் தனித்து நின்று சுமக்க வேண்டாம், குடும்பமாகக் கூடிச் சுமந்திடுக என்பதே இச்சடங்குகளின் உட்பொருள்.

ஆயினும், அவ்வாறு கூடி நிற்றல் நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் எளிதாயிருக்கவில்லை. வேளாளர் குடும்பங்கள் பலவற்றில் மருமக்கள் வழி உரிமை நிலவியது. வீட்டுத் தலைவராகிய காரணவர் தேடிய பொருள் சகோதரியின் மக்களுக்கே சென்றது. மனைவிக்கும் பெற்ற மக்களுக்கும் உகந்துடைமை என்னும் ஒரு சிறு பங்கே உரியது. ஆகவே காரணவர் கண்மூடிய நாளில் மடியிலே வளர்ந்த பிள்ளைகள் ஒருபுறம் அழ, பத்தாயத்தின் திறவுகோலைத் தேடி மருமக்கள் மறுபுறம் நிற்பதுண்டு. இருவரும் தீயவரல்லர், வழக்கமே அவர்களை எதிரெதிரே நிறுத்தியது. இறந்தவரின் நற்குணங்களைப் பேச வேண்டிய பதினாறு நாட்களும் பங்கு பேசிக் கழிந்தன. நியாயத்தலத்தில் வழக்குகள் நீண்டன; வயல்கள் வழக்குச் செலவிலே கரைந்தன.

இக்கொடுமையைக் கண்டு நகைச்சுவையோடு நாட்டுக்கு உரைத்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் 1876-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27-ஆம் நாள் சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மைக்கும் மகனாகத் தோன்றியவர் அவர். தந்தையின் பெயரிலேயே சுசீந்திரத்துத் தாணுமாலயப் பெருமானின் மணம் கமழ்கின்றது. இளமையில் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தமிழ் கற்றார். முதலிற் பாடிய நூல்களுள் ஒன்று வடிவீசுவரம் அழகம்மையைப் போற்றும் ஆசிரிய விருத்தம். பள்ளிப் பிள்ளைகளுக்கும், பின்னர்த் திருவனந்தபுரம் மகளிர் கல்லூரி மாணவியர்க்கும் ஆசிரியராயிருந்து 1931-இல் ஓய்வு பெற்றுப் புத்தேரியில் அமர்ந்தார்.

அவர் இயற்றிய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ முதலில் ‘தமிழன்’ இதழில் வெளிவந்து, 1942-இல் நூலாயிற்று. காரணவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட பெண் தன் துயரைத் தானே எடுத்துரைப்பதாக அது அமைந்தது. படித்தவர் சிரித்தனர், சிரித்து முடிந்ததும் தம் வீட்டையே நோக்கினர். நல்லோர் பலர் முயன்றதன் பயனாக 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் பிறந்தது. மனைவி மக்களின் உரிமைக்கு வழி திறந்தது.

மக்கட்பேற்றின் உரிமைக்காக வாதாடிய அப்பெரியாருக்கு இறைவன் மக்கட்பேற்றை அருளவில்லை. அதனால் அவர் உள்ளம் வறண்டதா? இல்லை. ஊர்ப் பிள்ளைகள் அனைவரையும் தம் பிள்ளைகளாகக் கொண்டார். வெள்ளைப் பசுவும் துள்ளும் கன்றும், கிளியும் கடிகாரமும் அவர் பாட்டிலே குழந்தைகளோடு விளையாடின. 1938-இல் வெளிவந்த ‘மலரும் மாலையும்’ வீடுதோறும் புகுந்தது. தம் பாட்டனாரின் பெயரை அறியாத குழந்தையும் கவிமணியின் பாட்டை அறிந்தது. 1954-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், தம் 78-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1-ஆம் நாளைக் காண அவர் இருக்கவில்லை. சொந்தப் பேரன் பந்தம் பிடிக்கவில்லை என்பது உண்மையே. எனினும், அவர் ஏற்றிய தமிழ் விளக்கைப் பள்ளிதோறும் பிள்ளைகள் ஏந்தி நிற்கின்றனர். அதனினும் நீண்டு எரியும் நெய்ப்பந்தம் வேறுண்டோ?

பிரிவை எவ்வாறு தாங்குவது என்பதையும் அவரே உணர்த்தியுள்ளார். 1941-இல் வெளிவந்த ‘ஆசிய ஜோதி’யில் மகனையிழந்த தாய் ஒருத்தி புத்தர் பெருமானிடம் வருகின்றாள். சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு பெற்று வருமாறு அவர் பணிக்கின்றார். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு நிகழாத வீடு ஒன்றுமில்லை. வீடுவீடாகச் சென்ற அத்தாய் கடுகு பெறவில்லை. தன் துயர் தனக்கு மட்டும் உரியதன்று என்னும் தெளிவு பெற்றாள். துக்க வீட்டுக்கு உற்றாரும் ஊராரும் திரண்டு வருவதும் அத்தெளிவைத் தரவே அன்றோ?

கோயிற் கல்வெட்டுகளை ஆராய்வதிலும் கவிமணி பேரார்வம் கொண்டிருந்தார். விளக்கெரிக்க நிலமளித்தவர், நாள்வழிபாட்டுக்கு நெல் அளித்தவர் என எத்தனையோ பாட்டன்மாரின் பெயர்களைக் கல் காத்து வைத்திருக்கின்றது. அவர்கள் தம் வீட்டில் வைத்துச் சென்ற பொன் எங்குள்ளது என்று கூறுவார் எவருமிலர். கோயிலுக்கு ஈந்தது மட்டும் பெயரோடு நிற்கின்றது. இத்திருப்பணிக்கு உதவிய அன்பர்களின் பேரர்களும் நாளை அவ்வாறே தம் முன்னோரை இங்கு வந்து கண்டுகொள்வர்.

ஆதலால் பாட்டனார் மறைந்த இல்லத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பத்திரப் பெட்டியைத் திறக்குமுன் குடும்பத்தார் அனைவரும், மகள் வீட்டாரும் மருமக்களும் உட்பட, திருவிளக்கின் முன் கூடியமர்ந்திடுக. அவர் பசித்தவர்க்கு இட்ட சோற்றையும், பொறுத்த பிழையையும், மழை தவறிய ஆண்டில் குடும்பத்தைக் காத்த திறத்தையும் அறிந்தவர் சொல்ல, குழந்தைகள் கேட்டிடுக. கேட்ட குழந்தை சிந்தாமல் ஏந்திய கும்பமாகும். பங்கு பிரித்தால் நிலம் குறையும். நினைவோ, பங்கிடப் பங்கிட வளரும்.

முன்னோர் புகழ் நிலைத்திடுக! குடும்பங்கள் ஒற்றுமையால் ஓங்கிடுக! திருவருள் எங்கும் பொலிந்திடுக!