அயல் வீட்டு இசையும் அயல் நாட்டு இசையும்

கல்முனையிலிருந்து மேற்கே நாவிதன்வெளிக்குச் செல்லும் வழியில் கிட்டங்கி என்னும் இடம் உண்டு. மாரி பெருகி, வாவி நீர் தாம்போதியின்மேல் பாய்ந்த காலங்களில், வழிப்போக்கர் இரு கரைகளிலும் நின்று வெள்ளம் வடியக் காத்திருந்தது நெடுநாள் வழக்கம். அவ்வாறு நின்றவர்களுள் வேளாண்மைக்குச் செல்லும் தமிழர் இருந்தனர், முஸ்லிம்கள் இருந்தனர், சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயத்துக்குச் செல்லும் கத்தோலிக்கரும் இருந்தனர். கரை ஒன்றே, நின்றவர் செவிகளில் குடியிருந்த இசையோ பலவாகும். ஒருவர் செவியில் வைகாசிக் குளிர்த்தியின்போது கண்ணகை அம்மன் முன்றிலில் ஒலிக்கும் உடுக்கு. மற்றொருவர் செவியில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்ற விழாவில் பக்கீர்மார் தட்டும் றபான். வேறொருவர் செவியில் பெரிய வெள்ளியன்று பாடப்பெறும் ஒப்பாரி. அடுத்து நிற்பவரின் இசை எத்தகையது என்று வினவியவர் எத்தனை பேர் என்பதே இன்றைய சிந்தனைக்கு உரிய வினா.

உலகத்து இசையைக் கேட்பதற்கு இன்று தடையேதும் இல்லை. 1950 ஆம் ஆண்டு இலங்கை வானொலி தன் வர்த்தக சேவையைத் தொடங்கிய பின்னர், அதன் அலைகளைத் தேடி இந்தியா முழுவதும் வானொலிப் பெட்டிகள் திருப்பப்பட்டன. 1952 இல் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கியபோது அந்தப் பாடல்கள் கொழும்பிலிருந்தே கடல் கடந்து சென்றன. இரைச்சலின் நடுவே ஒரு பாடலைப் பிடிக்க மக்கள் இரவு முழுவதும் விழித்திருந்தனர். இன்றோ, கைத்தொலைபேசி வைத்திருக்கும் சிறுவன் ஒருவன் கெய்ரோ நகரையும் ஜாவாத் தீவையும் ஒரு விரலால் தொட முடிகிறது. ஆயினும் அவன் நாள்தோறும் கேட்பது அதே பத்துப் பாடல்களைத்தான். வாயில்கள் பெருகியிருக்கின்றன, உள்ளே செல்லும் வழிதான் தெரியவில்லை.

அந்த வழி அயல் வீட்டிலிருந்து தொடங்குகிறது. அயலாரின் இசையைச் செவிமடுக்கப் பழகியவருக்கே அயல் நாட்டு இசையும் வசப்படும். கல்முனைக் கரையைப் போல இதனை எளிதிற் கற்பிக்கும் இடங்கள் சிலவே.

முதலில் றபானை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் தோல் போர்த்த வட்டமான மரச்சட்டம். அதன் உருவம் அவ்வளவே. நோன்பு இரவுகளில் பக்கீர் பாவா அதனைத் தட்டிப் பாடிக்கொண்டு தெருவழியே வந்து சஹர் உணவுக்கு மக்களை எழுப்புவார். சிங்கள மக்கள் புத்தாண்டில் பெரிய றபானைத் தரையில் வைத்துச் சுற்றி அமர்ந்து முழக்குவர். மலாய் நாட்டிலும் இந்தோனேசியாவிலும் அதன் பெயர் றெபானா. தமிழகத்துக் கஞ்சிராவோ அதன் சிறிய உறவினன். உடும்புத்தோல் போர்த்த அந்தக் கருவியைப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்கு உரியதாக்கினார். ஈரானில் இக்குடும்பத்தைச் சேர்ந்தது தஃப். அதன் சட்டத்தின் உட்புறத்தில் தொங்கும் உலோக வளையங்கள் ஒவ்வோர் அடிக்கும் மழைத்துளி போலச் சிலிர்க்கும். மொறோக்கோவில் அது பெந்திர். தோலின் பின்னே இழுத்துக் கட்டிய நரம்புகள் அதன் ஒலியில் வண்டின் முரல்வைச் சேர்க்கும். அயர்லாந்தில் ஆட்டுத்தோல் போர்த்த பௌரான் என்னும் கருவியைச் சிறு கோலால் அடிப்பர். நோன்பிரவில் றபானொலி கேட்டு விழித்த செவிக்கு இவற்றுள் எதுவும் முற்றிலும் அந்நியமாகாது.

இந்தக் கருவி மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. 1626 ஆம் ஆண்டளவில், போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் புகலிடம் அளித்து, அவர்களுள் ஒரு பகுதியினரைக் கிழக்குக் கரையிற் குடியேற்றினான் என்று வரலாறு கூறும். அந்த முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் கையில் றபான் இருக்கிறது. அவர்களைத் துரத்திய போர்த்துக்கேயரின் தாய்நாட்டிலோ, மலைநாட்டுப் பெண்கள் அடூஃபே என்னும் சதுரமான தோற்கருவியை இன்றும் தட்டிப் பாடுகிறார்கள். அடூஃபே என்பது அரபு மொழியின் தஃப் என்ற சொல்லேயாகும். பகைத்து நின்ற இரு கூட்டத்தாரின் மடியிலும் ஒரே தாயின் பிள்ளை இருந்திருக்கிறது!

அந்தப் போர்த்துக்கேயர் 1628 இல் மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். பத்து ஆண்டுகளில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிவிட்டனர். ஆட்சி அழிந்தது, அவர்கள் விட்டுச் சென்ற இசை அழியவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் தம் இல்லத் திருமணங்களில் வயலின் முதலிய கருவிகள் ஒலிக்கக் கப்ரிஞ்ஞா என்னும் ஆடலை ஆடிவந்திருக்கின்றனர். ஆறு எண்ணிக்கைகளை மும்மூன்றாகப் பகுத்துத் துள்ளிச் செல்லும் நடை அதற்கு உண்டு. திஸ்ர நடை அறிந்த செவி உடனே இனங்காணும். இலங்கை முழுவதும் பாடப்பெறும் பைலாவுக்கும் அதுவே தாய்வீடு. கப்ரிஞ்ஞா என்ற பெயரிலேயே, போர்த்துக்கேயரோடு வந்த ஆபிரிக்க மக்களின் நினைவு பொதிந்திருக்கிறது. ஒரு சிறிய கல்யாண வீட்டில் ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் மட்டக்களப்பும் கைகோத்து ஆடுகின்றன எனலாம்.

ஆனால் அந்தக் கைகள் குறைந்துவருகின்றன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கல்முனைக் கரையைச் சிதைத்தது போலவே, மட்டக்களப்பு டச் பார் கரையில் வாழ்ந்த பறங்கியருட் பலரையும் கொண்டுசென்றது. ஒரு பாடலை அறிந்தவர் நூறு பேராயிருக்கும்போது ஒருவர் மறைந்தால் அந்த வீடு அழும். அறிந்தவர் ஐவரேயாயின், ஒருவர் மறைவில் அந்தப் பாடலே முடமாகிவிடும்.

கப்ரிஞ்ஞாவின் உடன்பிறப்புகள் உலகெங்கும் இருக்கின்றன. ஆபிரிக்காவுக்கு மேற்கே, அத்திலாந்திக் கடலில் கேப் வேர்டித் தீவுகள் உள்ளன. அங்கே போர்த்துக்கேயமும் ஆபிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த மொழியில் மோர்னா என்னும் பிரிவுப் பாடல்களைப் பாடுகிறார்கள். 1941 இற் பிறந்து 2011 இல் மறைந்த செசாரியா எவோரா என்னும் அம்மையார், காலணியின்றி மேடையேறி, அந்தப் பாடல்களை உலகறியச் செய்தார். வெளிநாட்டுக்குப் பிழைக்கச் சென்றவரை எண்ணி வீட்டிலிருப்போர் ஏங்கும் ஏக்கத்தைக் கல்முனைக் கரைக்கு எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. கிழக்கே சென்றால் ஜாவாவில் கெரொஞ்சோங் இசை உண்டு. போர்த்துக்கேயத் தொடர்புடைய துகு என்னும் ஊர் அதனைப் பேணிவந்தது. சோலோ ஆற்றைப் பற்றி கெசாங் என்பவர் 1940 இல் இயற்றிய ‘பெங்காவன் சோலோ’ என்னும் பாடலைக் கேட்டால், ஓடும் ஆற்றின் நிதானமே பாட்டானதோ என்று தோன்றும். 1879 இல் போர்த்துக்கல்லின் மதேராத் தீவிலிருந்து கப்பலேறிய தொழிலாளர் எடுத்துச் சென்ற சிறிய நரம்புக் கருவியே ஹவாயில் உக்குலேலே ஆயிற்று.

தோற்கருவியை விட்டு நரம்புக் கருவிக்கு வந்தாலும் வழி இந்தக் கரையிலிருந்தே தொடங்குகிறது. கல்முனைக்குத் தெற்கே, நெடுந்தொலைவில் அன்று, காரைதீவு இருக்கிறது. 1892 இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர் மறைந்துபோன தமிழ் யாழை ஆராய்ந்து, பல்லாண்டு உழைப்பின் பயனாக 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். அந்த ஆண்டிலேயே மறைந்தார். வில்லைப் போல் வளைந்த யாழ் தமிழர் கையிலிருந்து போய்விட்டது. ஆனால் அதன் இனத்தைச் சேர்ந்த சௌங் என்னும் கருவி பர்மாவில் இன்றும் வாசிக்கப்படுகிறது. படகு போன்ற உடலும், மான்தோற் போர்வையும், வளைந்த கோடும் உடைய அந்தக் கருவியைக் காணும் தமிழர், சங்க நூல்களில் மட்டும் படித்த ஒன்றை உயிரோடு காண்பர். மேற்கு ஆபிரிக்காவில் இருபத்தொரு நரம்புகள் கொண்ட கோரா என்னும் கருவி உண்டு. தலைமுறை தலைமுறையாக அரசர் வரலாற்றைப் பாடும் குடியினர் அதனை மீட்டுவர். பண்டைத் தமிழ்ப் பாணரை நினைவூட்டும் மரபு அது. மாலி நாட்டின் தூமானி ஜபாதே, 2024 இல் மறையும்வரை, அதன் தலைசிறந்த கலைஞருள் ஒருவராக விளங்கினார்.

குரலிசையை விரும்புவோர் எகிப்திய இசையரசி உம்மு குல்தூமைக் கேட்கலாம். மாதந்தோறும் முதல் வியாழன் இரவில் கெய்ரோ வானொலி ஒலிபரப்பிய அவர் கச்சேரிக்காக அரபு நாடுகளின் தெருக்கள் அடங்கிக் கிடந்தன என்பர். 1966 இல் அவர் முதன்முதலாகப் பாடிய ‘அல் அத்லால்’ ஒரு மணி நேரத்தை அணுகும் நெடும்பாடல். அதில் ஒரே அடியை மீண்டும் மீண்டும் எடுத்து, ஒவ்வொரு முறையும் புதிய வண்ணம் தீட்டுவார். நிரவல் கேட்டுப் பழகிய தமிழருக்கு இது புதுமையன்று. அரபு மொழியைத் திருமறை ஓதலிற் கேட்டு வளர்ந்த முஸ்லிம் செவிக்கோ, அதே மொழியின் காதற்கவிதை வடிவம் வேறொரு வாயிலைத் திறக்கும்.

“பிறர் இசையில் மனம் வைத்தால் நம் இசை கெடாதா?” என்று அஞ்சுவாரும் உளர். அவர் அச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. வலிய ஓசை மெல்லிய ஓசையை விழுங்குவது உண்மை. ஆனால் விழுங்கப்படுவது கேளாமையினாலேயன்றிக் கேட்பதினால் அன்று. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைக் கற்றார். அதனால் கருநாடக இசை அழியவில்லை. இன்று வயலின் இல்லாத கச்சேரியே அரிது. மறுபுறம், ஆர்மோனியம் இந்திய இசைக்கு ஒவ்வாதென்று 1940 இல் அகில இந்திய வானொலி விலக்கியது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. அவ்வளவு காலமும் கோயில்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் அது ஒலித்துக்கொண்டே இருந்தது. வாயிலை அடைத்தவர் களைத்தார், இசை களைக்கவில்லை.

புதிய இசையைக் கேட்கும் முறையும் ஒன்று உண்டு. ஒரு பாடலை ஒருமுறை கேட்டு ஒதுக்குதல் தகாது. மும்முறை கேட்க வேண்டும். முதன்முறை தாளத்தை மட்டும் விரலால் எண்ணுக. இரண்டாம் முறை பண்ணின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்க. மூன்றாம் முறை, இதனை யார், எப்பொழுது, எதற்காகப் பாடுகிறார்கள் என்று வினவுக. தாலாட்டா, அறுவடையா, வழிபாடா, இழவா என்று தெரிந்தவுடன் இரைச்சலாகத் தோன்றியது பாட்டாகிவிடும். அதன் பின்னரும் பிடிக்கவில்லையாயின் குற்றமில்லை; அறிந்து விலகுதல் வேறு, அறியாது வெறுத்தல் வேறு.

நேயர்களே, இந்தப் பயிற்சியை உம்மு குல்தூமிலிருந்தே தொடங்க வேண்டுமென்பதில்லை. நாவிதன்வெளிக் களவெட்டியில் சூடடிக்கும் மாட்டின் பின்னே பொலி பாடிய முதியவர் ஒருவர் இன்னும் இருக்கக்கூடும். கல்முனைக்குடியில் இளமையிற் கேட்ட கவிகளை நினைவில் வைத்திருக்கும் மூதாட்டி ஒருவர் இருக்கக்கூடும். தமிழ் மாணவன் அந்த மூதாட்டியிடமும், முஸ்லிம் மாணவன் அந்த முதியவரிடமும் சென்று, உரிய மரியாதையோடு கேட்டு, அனுமதி பெற்றுத் தன் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து கொள்ளட்டும். போரும் ஐயமும் இரு சமூகத்தாருக்கும் இடையே எழுப்பிய சுவர்களைப் பேச்சால் மட்டும் இடித்துவிட முடியாது. ஒருவர் பாட, மற்றவர் வாய்மூடிக் கேட்கும் அரைமணி நேரத்துக்கு அந்த ஆற்றல் சிறிதேனும் உண்டு.

கிட்டங்கியில் வெள்ளம் வடியும்வரை காத்திருந்தவர்கள் அடுத்தவரின் பாட்டைக் கேட்டிருக்கலாம். அவ்வாறு கேட்ட செவிக்குக் கேப் வேர்டியும் கெய்ரோவும் தொலைவில் இல்லை. பாடுவோர் இருக்கும்போதே கேட்பது நன்று.