கால்சியம்: டப்பாவிலா, தட்டிலா?

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் பேசியது)

ரங்கூன் லான்மடாவை விட்டு இந்த மலேசியாவுக்கு வந்து சேர்ந்த சொந்தங்களே!

நான் டாக்டர் இல்லை. ஏ லெவலோடு படிப்பை நிறுத்திவிட்டு ஃபேக்டரிக்குப் போனவள். ஆனாலும் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். எங்கள் விடுதியில் ஒரு அக்கா சம்பளத்தில் பெரும்பங்கைக் கால்சியம் டப்பாவுக்கே கொடுக்கிறார், வேளைக்கு ரெண்டு ரெண்டாக விழுங்குகிறார். அதே மாடியில் மாசமாக இருக்கிற ஒரு தங்கச்சி, "கால்சியம் ஹார்ட்டுக்கு ஆகாதாமே" என்று கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைத் தொடுவதே இல்லை. ரெண்டுமே ஆபத்து.

ஹார்ட் பயம் சும்மா வந்ததில்லை. 2008-ல் நியூஸிலாந்து ஆக்லாந்தில் வயதான பெண்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது மாரடைப்பு கூடுதலாகத் தெரிந்தது. பிறகு வந்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சாப்பாடும் மாத்திரையும் சேர்ந்து நாளுக்கு 2000, 2500 மில்லிகிராமைத் தாண்டாவிட்டால் இதயத்துக்குப் பயமில்லை என்று 2016-ல் அமெரிக்க வல்லுநர்கள் சொன்னார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை. கிட்னி கல் விஷயம் அதைவிடத் தெளிவு. அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. கால்சியமும் வைட்டமின் டி-யும் மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்குக் கல் வருவது 17 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் சாப்பாட்டில் நிறைய கால்சியம் சேர்த்தவர்களுக்குக் கல் குறைவு! சாப்பாட்டோடு வரும் கால்சியம், கீரை, கடலையில் இருக்கிற ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே கொண்டுபோய்விடுகிறது என்கிறார்கள். வெறும் வயிற்றில் போடும் மாத்திரைக்குப் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது.

மாசமாக இருப்பவர்கள் கணக்கு வேறு. சாப்பாட்டில் கால்சியம் குறைந்த நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுக்கச் சொல்வது உலக சுகாதார நிறுவனம். பிரசவ காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி ஜன்னி வரைக்கும் போவதை அது குறைக்கும். பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் பார்த்து, 2024-ல் முடிவு வந்தது: அந்த நோயைத் தடுக்க 1500 மில்லிகிராமுக்கு 500 மில்லிகிராம் இளைத்ததில்லை. ஆகவே தங்கச்சிமார்களே, கிளினிக் மாத்திரையை நிறுத்தாதீங்க.

இனி வெற்றிலைக்காரர்களுக்கு. லான்மடாவில் தெருவுக்குத் தெரு குன்யாக் கடை, பிளாட்பாரமெல்லாம் சிவப்பு. "சுண்ணாம்பு போடறேன், எனக்கெதுக்கு கால்சியம்" என்று சொல்லும் பெரியவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். சுண்ணாம்பு கால்சியம்தான், பொய்யில்லை. ஆனால் காரமும்கூட. வெற்றிலைச் சுண்ணாம்பாலேயே ரத்தத்தில் கால்சியம் எகிறி, கிட்னி கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். வெற்றிலை ஒருபக்கம், கால்சியம் மாத்திரை ஒருபக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்தாயிற்று. இதைச் சொன்னால் மாமாமார்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

சரி, எதைச் சாப்பிடுவது? பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் போல வேண்டும். மொஹிங்காவில் மீன் இருக்கிறதே என்று நினைக்காதீங்க. சத்து முள்ளில், நாம் முள்ளை எடுத்துவிட்டுத்தானே கொதிக்க விடுகிறோம்! முள்ளோடு மெல்லுகிற நெத்திலிதான் சரி. இந்த ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. கருவாடென்றால் ஊறவைத்து உப்பைக் கழுவுங்கள், பிரஷர் இருப்பவர்கள் முக்கியமாக. லப்பெட்டில் தூவுகிற எள்ளு, கூனி இறால், முருங்கைக்கீரை எல்லாம் நல்லது. ஒரு கிளாஸ் பாலில் 240 மில்லிகிராம் இருக்கும். 100 கிராம் கேழ்வரகில் அதைவிட அதிகம். சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து குடித்த டின்பால் டீயில் சீனிதான் ஜாஸ்தி, ருசியைச் சொல்லவில்லை.

மாத்திரை அவசியமென்று டாக்டர் சொன்னால் ஒரே வேளையில் 500-க்கு மேல் வேண்டாம், உடம்பு ஏற்காது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு போடுங்கள். இரும்பு மாத்திரையோடு சேர்க்காதீங்க. தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். டப்பாவில் கால்சியம் கார்பனேட் 1250 என்று போட்டிருந்தால் அதில் கால்சியம் 500-தான். இதைத் தெரியாமல்தான் ஏமாறுகிறோம். டப்பா கொண்டு வந்திருப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் கொடுங்கள், லேபிளைச் சேர்ந்து படிப்போம்.