மூன்றாவது பேரிங்

(சபையின் ஆண்டுவிழாவையொட்டி நடந்த வாலிபர் ஐக்கியக் கூடுகையில், மலேசியாவில் செம்பனை ஆலையொன்றின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் சபை அங்கத்தினர் ஒருவர் பேசியது.)

"அங்கிள், பிரசங்கம் வேண்டாம், நீங்கள் பார்த்த வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஐக்கியத் தலைவர் கேட்டார். நல்லதாயிற்று, எனக்குப் பிரசங்கம் வராது. தொழிற்கல்வி படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். பம்புக்குப் பேரிங் மாற்றுவதைச் சொல்கிறேன்.

ஆலைக்கு ஆற்றுத் தண்ணீர் இறைக்கிற பம்ப் அது. நிமிடத்துக்குச் சுமார் 1450 சுற்று. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 20 லட்சத்தைத் தாண்டும். அவ்வளவையும் தாங்குவது தண்டின்மேல் உட்கார்ந்திருக்கிற பேரிங்தான். எங்கள் பம்பில் இருந்தது 6310. கடைசி இரண்டு எண்ணை 5ஆல் பெருக்குங்கள், 50 வரும். உள்துளை 50 மில்லிமீட்டர் என்று அர்த்தம். இது தெரிந்தால் கடைக்காரர் உங்களிடம் மரியாதையாகப் பேசுவார்.

முதலில் மின்சாரத்தை நிறுத்தி, உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். இன்னொருவரிடம் கொடுக்காதீர்கள். பிறகு எண்ணெயை வெள்ளை டின்னில் வடித்துப் பாருங்கள். பால்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுமினுப்பு தெரிந்தால் இரும்பு தேய்ந்திருக்கிறது.

பழைய பேரிங்கைப் புல்லர் வைத்துக் கழற்றியதும் தண்டை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். பேரிங் உட்காரும் இடம் 50 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக, சுமார் 0.01 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால்தான் இறுக்கமாகப் பிடிக்கும். அப்புறம் புதிய பேரிங்கை ஹீட்டரில் 110 டிகிரி வரை சூடாக்கினால் அதுவாகவே வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். நெருப்பில் காட்டக் கூடாது. உட்கார்ந்த பிறகும் தண்டின் தோளோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருங்கள். ஆறும்போது சுருங்கி விலகப் பார்க்கும்.

சுத்தியலால் வெளிவளையத்தில் அடித்து ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் உள்ளே போகும். குண்டுகள் நிற்கிற இடைவெளியிலேயே, உருளும் பாதையில் சின்னச் சின்னக் குழிகள் விழும். அப்படி ஏற்றிய பேரிங் சீக்கிரமே கத்த ஆரம்பித்துவிடும்.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

அந்தப் பம்பில் பேரிங் ஆறு வாரத்தில் போயிற்று. மாற்றினோம். மறுபடியும் போயிற்று. எனக்கு உதவியாக இருந்தவன் தோட்டத்துப் பையன், இருபது வயது இருக்கும். இரண்டாவது பேரிங்கை ஏற்றியது அவன். "நீ சுத்தியலால் அடித்திருக்கிறாய்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். "இல்லண்ணே, ஹீட்டர்லதான் ஏத்துனேன்" என்றான். நான் கேட்கவில்லை. மேலதிகாரியிடமும் அப்படியே சொன்னேன். அந்த மாதக் கடைசியில் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

மூன்றாவதை நானே என் கையால் ஏற்றினேன். அதுவும் கத்தியது.

பக்கத்து ஆலையில் இருந்த வயதான சீன பிட்டர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் பேரிங்கைத் தொடவேயில்லை. கப்ளிங் பக்கம் டயல் கேஜை வைத்துவிட்டு, உறிஞ்சு குழாயின் பிளாஞ்ச் போல்ட்டுகளைத் தளர்த்தச் சொன்னார். தளர்த்தியதும் முள் துள்ளியது. குழாய் ஒரு விரல் அகலம் கீழே இறங்கி நின்றது. மழையில் ஆற்றங்கரை மண் அமுங்கி, குழாயைத் தாங்குகிற சிமெண்ட் திண்டு தாழ்ந்துபோயிருந்தது. அத்தனை எடையும் பம்பின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் போல்ட்டை இழுத்து முடுக்கி முடுக்கிப் பம்பையே கோணலாக்கியிருந்தோம்.

மேசை அறையில் அந்த இரண்டாவது பேரிங் கிடந்தது. அன்றைக்குத்தான் அதை அறுத்துப் பார்த்தேன். குழி ஒன்றுகூட இல்லை. வெளிவளையத்தில் குண்டு ஓடிய தடம் மட்டும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்ந்து கிடந்தது. தண்டு கோணலாக ஓடியதற்கு அதுதான் அடையாளம். மூன்று மாதமாக அது என் மேசையிலேயே இருந்தது.

திண்டைப் புதிதாகக் கட்டினோம். போல்ட் கையாலேயே நுழைகிற மாதிரி குழாயை நிறுத்தி, மோட்டாரை நேர்ப்படுத்தினோம். அதற்குப் பிறகு அந்தப் பேரிங் வருஷக்கணக்கில் ஓடியது.

அறுத்த பேரிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு பையன் வீட்டுக்குப் போனேன். அவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போயிருந்தான். அவன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். மேலதிகாரியிடம் நான் சொன்னது தப்பு என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவன் அந்த வேலைக்குத் திரும்பவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. அம்மா சொல்லியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன், "அண்ணே, டெலிவரி பக்கத்துக் குழாயையும் தளத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

பார்த்திருக்கவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன்.